மாட்டுக்கறிக்கு எத்தனை விசில்? சமையல் பக்கங்கள் சொல்லாத பதில்!

"நான்-வெஜ் சமைப்பீங்களா?"

"ஆமாங்க."

"சிக்கன், மட்டன்னா ஓகே. வேற எதுவும் வேணாம், என்ன?"

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த பலருக்கு இந்த உரையாடல் பழகிப்போன ஒன்று. அந்த 'வேற எதுவும்' எது என்று ஹவுஸ் ஓனரும் சொல்ல மாட்டார், குடிவருபவரும் கேட்க மாட்டார். இரண்டு பேருக்கும் தெரியும். அட்வான்ஸ் கைமாறும். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு கேரி பேக்கில் கறி வரும், சமையலறை ஜன்னல் சாத்தப்படும், குக்கரில் ஏலக்காய், பட்டை எல்லாம் கூடுதலாகவே விழும். மாடிப்படியில் யாராவது "என்ன, இன்னைக்கு மட்டனா?" என்று கேட்டால் ஒரு சிரிப்புதான் பதில்.

இது அரசியல் பிரச்னைதான், சந்தேகமே இல்லை. ஆனால், இதற்குள் ஒரு சமையல் பிரச்னையும் ஒளிந்திருக்கிறது. தமிழ்ச் செய்தித் தளங்களில் 'மாட்டிறைச்சி' என்று தேடிப் பாருங்கள். வழக்கு, தடை, போராட்டம், தாக்குதல் என்று வரிசையாக வரும். அதே தளங்களின் சமையல் பக்கத்துக்குப் போனால் சிக்கனில் நூறு வகை, காளானில் ஐம்பது வகை, ஓட்ஸில்கூட உப்புமா முதல் பாயசம் வரை உண்டு. மாட்டுக்கறியை அங்கே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். யூடியூபில் நிறைய பேர் சமைத்துக் காட்டுகிறார்கள், அந்தப் புண்ணியத்தில்தான் பலர் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அச்சுப் பத்திரிகையோ, அதன் இணையதளமோ இதை ஒரு சாதாரண சாப்பாட்டு விஷயமாக நடத்துவது அபூர்வம்.

நடத்த வேண்டும். மாட்டுக்கறி பற்றி எழுத நினைக்கும் யாரும் முதலில் அதை எப்படி வேகவைப்பது என்று எழுதட்டும். ஏனென்றால், தள்ளுவண்டியில் பீஃப் ஃப்ரை சாப்பிட்டு மயங்கி, வீட்டில் முயற்சி செய்து, ரப்பர் மாதிரி ஆகி, "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று விட்டவர்கள் ஏராளம். அது அவர்கள் தவறில்லை. யாரும் சொல்லித்தரவில்லை.

ரப்பர் ஆவது ஏன்?

இதற்கான பதிலில் கொஞ்சம் சட்டமும் இருக்கிறது. 1958-ம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாட்டையோ எருமையையோ இறைச்சிக்காக வெட்ட வேண்டுமென்றால் அதற்கு அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். அது 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாகச் செயலிழந்ததாக இருக்க வேண்டும். பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976-ல் தனி அரசாணை வந்தது. மற்றபடி மாட்டுக்கறியை வாங்குவதையோ, வீட்டில் சமைப்பதையோ, சாப்பிடுவதையோ தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வது சட்டம் அல்ல.

இப்போது இதைச் சமையல்காரர் கண்ணோடு பாருங்கள். உலகத்தின் ஸ்டேக் வீடியோக்களில் வருவது இறைச்சிக்கென்றே தீனி போட்டு வளர்த்து, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி வெட்டப்பட்ட மாடு. நம் சட்டம் அனுமதிப்பதோ வயல் உழுது, வண்டி இழுத்து, பால் கொடுத்து ஓய்ந்த விலங்கு. உழைத்த தசையில் நார் தடிமனாக இருக்கும். அந்த நார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் வயதாக ஆக இறுகிக்கொண்டே போகும். அமெரிக்க வீடியோவைப் பார்த்துத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் புரட்டி எடுத்தால் பல்தான் வலிக்கும்.

அதற்கு ஒரே மருந்து நேரம். ஈரமான சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். கறி பூப்போல உதிர்வதும், குழம்பு விரலில் ஒட்டுவதும் அதனால்தான். சட்டியில் இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்குவதால் அரை மணி, முக்கால் மணியில் வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் அந்தக் கேள்வி: "எத்தனை விசில் விடணும்?"

உண்மையில் இது தப்பான கேள்வி. அடுப்பு வேகமாக எரிந்தால் ஆறு விசில் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் ஒரு விசிலுக்கே கால் மணி நேரம் ஆகலாம். கறிக்கு விசில் கணக்கு தெரியாது, நிமிடக் கணக்குதான் தெரியும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டு போனில் டைமர் போடுங்கள். சாதாரணத் தொடைக்கறிக்கு 25 முதல் 30 நிமிடம். எருமை என்றாலோ, கறி முற்றியதாகத் தெரிந்தாலோ 40. பிறகு பிரஷர் தானாக இறங்கட்டும். பொறுமை இல்லாமல் விசிலைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் திடீரெனக் கொதித்து, கறி சாறை இழந்து இறுகும். திறந்து ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்துங்கள். உடையவில்லையா? இன்னும் பத்து நிமிடம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் என்ன கேட்பது?

"அரை கிலோ கொடுங்க" என்றால் கடைக்காரர் அவருக்கு விற்க வேண்டியதைத்தான் கொடுப்பார். சுக்கா, குழம்பு, பிரியாணிக்குத் தொடைக்கறியோ தோள்பட்டையோ கேளுங்கள், கொஞ்சம் கொழுப்போடு. கொழுப்பே வேண்டாம் என்று சொல்லி வாங்கும் ஜிம் பழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது. வறுக்கும்போது மரத்தூள் மாதிரி ஆகிவிடும். சூப்புக்கு நல்லி எலும்பும் நெஞ்செலும்பும். சீக்கிரம் வேக வேண்டுமென்றால் அண்டர்கட். முதுகெலும்புக்கு அடியில் உழைக்காமல் கிடக்கும் தசை அது, அதனால் மென்மை. ஒரு மாட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். கொழுப்பு மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் மாடு. வெள்ளையாகவும் கறி கறுஞ்சிவப்பாகவும் இருந்தால் எருமை.

இன்னொன்று, வெட்டும் திசை. கறியில் நார் ஓடும் வாக்கைப் பார்த்து அதற்குக் குறுக்கே துண்டு போட வேண்டும். கடைக்காரரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். நாரின் நீளத்திலேயே வெட்டினால், எத்தனை நிமிடம் வேகவைத்தாலும் நூல் நூலாகப் பல்லில் சிக்கும்.

குக்கரில் பாதி, சட்டியில் மீதி

தமிழ்நாட்டுச் சுக்காவும் கேரளத்து உலர்த்தியதும் ஒரே தந்திரத்தின் இரண்டு முகங்கள். முதலில் ஈரத்தில் வேகவைத்துக் கறியை மெத்தென்று ஆக்குவது, அப்புறம் எண்ணெயில் சுண்ட வறுத்து அதற்கு மறுபடி ஒரு தெம்பு கொடுப்பது. முற்றிய கறியை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் கண்டுபிடித்த வழி இது. ஸ்டேக் சாப்பிடும் ஊர்களுக்கு இது தேவைப்படவில்லை.

சுக்காவுக்கு அரை கிலோ கறி, ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் சொன்னபடி குக்கரில். அது வேகும் நேரத்தில் மிளகு, மல்லி, சோம்பு, சீரகம், இரண்டு காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துக்கொள்ளலாம். பிறகு இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு கை சின்ன வெங்காயம். வெங்காயம் சுருண்டதும் வெந்த கறியைத் தண்ணீரோடு கொட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. கரைந்த ஜெலட்டின் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது சுண்டிச் சுண்டிக் கறியின் மேல் பளபளவென்று ஒரு போர்வையாகப் படியும்போது பொடியைத் தூவி, சிம்மில் இன்னொரு பத்து நிமிடம் பிரட்டினால் போதும். அவசரத்துக்குத் தக்காளி சேர்த்தால் அது தொக்கு. தப்பில்லை, ஆனால் சுக்கா அல்ல.

கேரள வழியில் நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், பொடிக்குப் பதில் கரம் மசாலாவும் நிறைய மிளகும், கூடவே பல் பல்லாகக் கீறிய தேங்காய்த் துண்டுகள். கறிவேப்பிலையை ஒரு கொத்து என்று நினைக்காமல் ஒரு கை என்று நினைத்துப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் சிம்மில் கிடந்து கறி கிட்டத்தட்ட கறுப்பாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு 'கேரளா ஸ்டைல்' என்று மெனுவில் போடுவது ஹோட்டல்களின் வசதிக்கு.

பிரியாணிக்கும் இதே விதிதான். சிக்கன் பிரியாணி பழக்கத்தில் பச்சைக் கறியை அரிசியோடு போட்டால் அரிசி குழையும், கறி வேகாது. கறியைத் தனியே முக்கால்வாசிக்கு மேல் வேகவைத்து, அந்தச் சாறை அளந்து, அரிசிக்கு ஊற்றும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆம்பூர் பாணி என்றால் சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர். மசாலாப் பொடி குறைவு. பக்கத்தில் கத்தரிக்காய்.

ஆம்பூர் என்றதும் 2022 மே மாதம் நினைவுக்கு வரும். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. சிக்கன் உண்டு, மட்டன் உண்டு. பீஃப் பிரியாணி இல்லை. பீஃப் பிரியாணிக்கும் பேர்போன ஊரில் அது இல்லாமல் திருவிழா! எதிர்ப்பு கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. சமையல் பக்கத்தின் மௌனத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் 'தடை' என்று சொல்லவில்லை. பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

வேலை நாளில் முடியுமா?

முடியும், கொத்துக்கறி இருந்தால். கத்தியே நாரை அறுத்துவிட்டதால் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். பட்டாணியோ உருளைக்கிழங்கோ சேர்த்தால் சப்பாத்திக்கு ஆயிற்று. ஒரே ஒரு எச்சரிக்கை: கொத்தும்போது மேற்பரப்புக் கிருமிகள் உள்ளே கலந்துவிடும், அதனால் நடுவில் சிவப்பு துளியும் இல்லாமல் வேக வேண்டும். 'மீடியம் ரேர்' ஆசையைக் கொத்துக்கறியிடம் காட்டக் கூடாது.

சென்னை ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இதையே உருண்டை பிடித்துத் தேங்காய்ப்பாலும் மல்லித்தூளும் சேர்ந்த குழம்பில் போட்டு, மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோற்றோடு சாப்பிடுவார்கள். பெயர் 'பால் கறி'. பால் ஊற்றிய கறி என்று நினைத்துவிட வேண்டாம், பந்து போல உருட்டுவதால் அந்த ஆங்கிலப் பெயர். கட்லெட்டும் அவர்கள் கொடைதான்.

அண்டர்கட் கிடைத்தால் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துக் கெட்டியாக்கி, மெல்லிசாகச் சீவி, குடைமிளகாயும் வெங்காயமும் போட்டுப் பெரிய தீயில் சில்லி பீஃப் செய்யலாம். சாதாரணக் கறிதான் இருக்கிறது என்றால் பச்சைப் பப்பாளி விழுது ஒரு ஸ்பூன் தடவி ஒரு மணி நேரம் விடலாம். அதிலிருக்கும் பப்பெயின் நாரைத் தளர்த்தும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் கறி இருக்காது, கூழ் இருக்கும்.

கொடியில் காய்ந்த கறி

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் மிஞ்சிய கறி என்ன ஆனது? உப்புக்கண்டம் ஆனது. நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, நல்ல வெயிலில் ஈரம் போகும்வரை சில நாள்கள் காயவைப்பார்கள். காக்கையிடமிருந்து காப்பாற்றுவது வீட்டுப் பிள்ளைகள் வேலை. மழைக்காலத்தில் இரண்டு துண்டு எடுத்து, சுட்டு, தட்டி, கஞ்சிக்குக் கடித்துக்கொண்டால் ஒரு வேளை ஓடிவிடும். இன்று அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் இதைத் தொங்கவிட்டால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சமையல் எழுதப்படாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948-லேயே ஒரு முழுப் புத்தகத்தில் வாதிட்டு எழுதினார். எந்தச் சாப்பாட்டைக் காட்டி ஒருவரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தச் சாப்பாட்டின் பக்குவத்தைப் பெருமையாக எழுதிவைக்க யாருக்குத் துணிவு வரும்? மராத்தியில் ஷாஹு பட்டோலே மராத்வாடா தலித் சமையலறைகளின் பக்குவங்களை 2015-ல் புத்தகமாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024-ல் வந்தபோதுதான் பல நகரத்து வாசகர்களுக்கு இப்படி ஒரு சமையல் இருக்கிறது என்றே தெரிந்தது. தமிழில் பாட்டிகளின் கையில் இருக்கும் பக்குவம் இன்னும் பெரும்பாலும் போன் காலில்தான் இருக்கிறது. "எவ்வளவு மிளகு போடணும்மா?" "ஒரு கை போடு." அந்தக் கை இல்லாமல் போனால் அளவும் போய்விடும்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது?

மாட்டைத் தெய்வமாகவோ, வீட்டில் ஒருவராகவோ பார்ப்பவர்கள் சாப்பிட மாட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசியவருக்கு அந்தக் கறி தொண்டையில் இறங்காமல் இருப்பது இயல்பு, அதைக் கேலி செய்வது அநாகரிகம். ஆனால் 'நான் சாப்பிட மாட்டேன்' என்பதும் 'நீ சமைக்கக் கூடாது' என்பதும் ஒன்றல்ல. மகாராஷ்டிராவில், வேறு மாநிலத்தில் வெட்டிய மாட்டிறைச்சியை வீட்டில் வைத்திருப்பதையே குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தரங்க உரிமை அதில் முக்கியமான காரணம். ஒருவர் வீட்டுக்குள் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் சொந்த விஷயம். ஹவுஸ் ஓனர் அரசாங்கம் இல்லைதான், தன் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்யலாம். ஆனால் மட்டன் குழம்பின் வாசனையைத் தாங்கும் சுவர், பீஃப் குழம்பை மட்டும் தாங்காது என்பதற்கு அவரிடம் சமையல் காரணம் எதுவும் இல்லை.

உடல்நலக் கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய' வகையில் வைத்தது. அந்தப் பட்டியலில் ஆட்டுக்கறியும் உண்டு என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுவார்கள். வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. அதாவது ஞாயிற்றுக்கிழமையும் மறுநாள் மிச்சமும். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்தும் பி12-ம் ஆட்டுக்கறியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்பது, மாதக் கடைசியில் பர்ஸைப் பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சம். குழம்பாக வைத்திருந்தால் ராத்திரி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் திறந்தால் மேலே கொழுப்பு ஆடை மாதிரி கட்டி நிற்கும், அடியில் குழம்பு ஜெல்லி போல் ஆடும். வேண்டாத கொழுப்பை ஸ்பூனால் எடுத்துவிட்டு, மீதியைச் சிம்மில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். மசாலா ராத்திரியெல்லாம் உள்ளே இறங்கியிருக்கும். இட்லி நான்கு போதாது.